கதவு தட்டிச் சொன்னவர்

எங்கள் கட்டடத்தில் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குத் தெரியாது. நான்காம் மாடி அக்காவின் நோய் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

லண்டனில், லூயிஷாம் பகுதியில், அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நான் குடிவந்த முதல் வாரம். லிப்டில் அவரும் நானும் மட்டும். தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்குப் போவதற்குள் அவர் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, தம்பி குடும்பம் சட்டன் என்ற புறநகரில், வேலை மருத்துவமனைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு, இடது கன்னத்தில் நரம்பு வலி. கடைசியாக, "நீர் இந்தியாவோ?" என்றார்.

"ஆமாங்க. திருநெல்வேலி."

"அப்ப உம்மட பக்கம் இன்னும் மிச்சம் இருக்கு. நாளைக்குச் சொல்லும்" என்று இறங்கிப் போனார். மறுநாள் உண்மையாகவே கேட்டார்.

அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு. எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. இடது காதை மூடிய கம்பளித் தொப்பியைச் சித்திரை, வைகாசியிலும் கழற்ற மாட்டார்; காற்றுப் பட்டால் கன்னம் வெட்டி இழுக்கும். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது "என்ர பேரையும் போடும், எனக்கென்ன" என்றார். நான்தான் போடவில்லை. மொழிபெயர்ப்பு நடக்கிற அறையில் தன் பெயர் யாருக்கும் தேவைப்படுவதில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நான்கு. அவரைத் தவிர மற்ற எல்லோரும் மறைப்பதில் தேர்ந்தவர்கள். ஒரு குடும்பம் கனடாவில் போய் இறங்கிய பிறகுதான் போன செய்தியே எங்களுக்கு வந்தது. மூன்றாம் மாடி அண்ணை இதயக் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஸ்பெயினுக்கு விடுமுறை போனதாகச் சொன்னார். நாள் கிழமைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அவர் விமானம் ஏறியதாகச் சொன்ன அன்றைக்கு மாலை, மருத்துவமனை நிறுத்தத்தில் அவருடைய மனைவி பஸ்ஸுக்கு நின்றதை நான் பார்த்திருந்தேன். கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

அண்ணை தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். எந்தப் பேச்சையும் "சொல்லிப்போடாதேங்கோ" என்றுதான் முடிப்பார். சொல்லக்கூடாத விஷயத்தை நம்மிடம் முழுதாகச் சொல்லிவிட்ட பிறகுதான் அந்த எச்சரிக்கை வரும்.

அக்காவும் அண்ணையும் நேருக்கு நேர் மோதிய கதையை எனக்குச் சொன்னவர் அண்ணைதான், அக்கா அல்ல. அண்ணையே சொன்னதால் எழுதுகிறேன். அண்ணையின் தகப்பனாருக்குக் குடலில் கட்டி. பரிசோதனை முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டிருந்தார். தகப்பனாருக்கு ஆங்கிலம் வராது. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நான்காம் மாடி அக்கா. அண்ணைக்கு ஆறுதல். சொந்தக்காரர் மாதிரித்தானே! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், "தங்கச்சி, கான்சர் எண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வயித்துப் புண் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அக்கா டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம், வயிற்றுப் புண் என்று சொல்லுங்கள் என்று மகன் என்னைக் கேட்கிறார்."

அதோடு நிற்கவில்லை. டாக்டரிடம் என்ன சொன்னாரோ அதைத் தகப்பனாரிடம் தமிழிலும் சொன்னார். அறையில் ஒருவர் பேசியது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டார். கிழவர் சிரித்தாராம். "எனக்கு எப்பவோ தெரியும் பிள்ளை. இவனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டானே எண்டுதான் நான் வாய் திறக்கேல்ல."

கிழவர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நன்றாகவே இருந்தார். அண்ணை அக்காவோடு பேசாமல் இருந்தது மூன்று வாரம்.

அந்த வேலையில் இன்னொரு சட்டம் உண்டு. நோயாளி 'எனக்கு' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும். 'இவருக்கு' என்று மாற்றக் கூடாது. அக்கா ஒரே நாளில் பிள்ளைத்தாய்ச்சி ஆவார், சர்க்கரை நோயாளி ஆவார், முழங்கால் மாற்றிய கிழவர் ஆவார். "இண்டைக்கு எனக்கு ரெண்டு தரம் பிரசவம் தம்பி" என்று சொல்லிவிட்டு லிப்டில் சாய்ந்து நிற்பார். யாருக்கு, எங்கே என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அவர் மறைத்து நான் கண்டது அது ஒன்றுதான்; அதையும், "அது என்ர விசயமில்லை, மற்றவையின்ர" என்பார்.

கன்ன வலியின் கொடுமை, அது பேசினால் வருவது. வாயைத் திறந்தாலே மின்சாரம் அடிப்பது போல இழுக்கும். வழக்கமான மாத்திரைகளை வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி அடங்கியது, கூடவே சொற்களும் அடங்கின. சிறுநீரகம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூத்திரப்பை என்று சொல்லிவிட்டு, அந்தக் கணமே அதைத் திருத்தி, "மன்னிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொல்லிவிட்டார்" என்று டாக்டரிடம் அறிவித்து, வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லித் தன் டாக்டரைக் கேட்டார். பல மாதம் இப்படிப் போன பிறகுதான் ஒரு சிறப்பு மருத்துவர் கஞ்சா எழுதிக் கொடுத்தார். இந்த நாட்டில் அது சட்டப்படி மருந்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பற்றவைத்துப் புகைக்கக் கூடாது. உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் போட்டுச் சூடாக்கி, வருகிற ஆவியை இழுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு, மாலையில் ஒரு தடவை. இழுத்த பிறகு அன்றைக்கு ஒரு போன் அழைப்பும் எடுக்க மாட்டார். அப்படி எடுக்க மாட்டேன் என்பதையும் அவரை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு அவரே சொல்லிவைத்திருந்தார்.

எங்களிடமும் சொன்னார். லிப்டில் அண்ணை, அண்ணையின் மனைவி, நான்.

"இனி என்ர வீட்டுப் பக்கம் ஒரு மணம் வந்தா, அது கஞ்சா. டொக்டர் எழுதித் தந்தது."

அண்ணை லிப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினார். "தங்கச்சி, உதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ. மூலிகை எண்டு சொன்னாப் போதாதே?"

"மூலிகைதான் அண்ணை. பேர் கஞ்சா."

எனக்குக் கொஞ்சம் படிக்கிற பழக்கம் இருப்பதால், சித்த மருத்துவ நூல்களில் அந்தச் செடிக்கு எத்தனையோ கௌரவமான பெயர்கள் இருப்பதைச் சொன்னேன். "நல்ல பேர்கள்தான் தம்பி. ஆனா பொலிஸ்காரனுக்கு விளங்குற பேர் ஒண்டுதானே" என்றார். மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடு உள்ள டப்பாவை எப்போதும் கைப்பையில், சீட்டு வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். கோவிலில் அன்னதான வரிசையில் ஒரு அம்மா, "முகம் தெளிஞ்சிருக்கு, என்ன பூசுறீங்கள்?" என்று கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா பாயசத்தை இரண்டாம் தடவை வாங்காமலே போய்விட்டார்.

சரி, ஹோட்டல் கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் தீபாவளி பிந்தி வந்தது. அக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், எங்கள் கட்டடத்தின் மேல்தளத்தில் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. அண்ணை அது செவ்வாய் என்பார். இல்லை, திங்கள், குப்பை வண்டி வரும் நாள், குப்பைப் பைகள் தண்ணீரில் மிதந்து வாசலுக்குப் போயின. மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் நனைந்துபோயின. கட்டடத்தை நடத்துகிற கம்பெனி, பழுது பார்த்து முடிக்கும் வரை எங்களை ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் வைத்தது. ஒரே மாடி, ஒரே நடை. அக்கா, நான், எதிரே அண்ணையும் மனைவியும். என் மனைவியும் மகளும் பள்ளிக்கூடம் பக்கம் என்று மைத்துனி வீட்டில் தங்கிக்கொண்டார்கள்.

அறைக்கதவுக்குப் பின்னால், குளியலறைக் கண்ணாடியில், லிப்டில், எங்கே பார்த்தாலும் ஒரே அறிவிப்பு. இது புகையற்ற ஹோட்டல். சிகரெட் கூடாது, வேப் என்கிற மின்சிகரெட்டும் கூடாது, மீறினால் வெளியேற்றப்படுவீர்கள்.

நாங்கள் பெட்டிகளை அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா நேரே ரிசப்ஷனுக்குப் போய்விட்டார். அங்கிருந்த பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, கழுத்தை இறுக்கிய டை. அக்கா டப்பாவை மேசையில் வைத்தார்.

"என் அறையில் தினமும் மாலை கஞ்சா எடுத்துக்கொள்ள எனக்கு உங்கள் அனுமதி வேண்டும். இது மருந்து. இது டாக்டர் எழுதிய சீட்டு. இது கருவி. நெருப்பு இல்லை, புகை இல்லை, ஆவி வரும். மணம் கொஞ்சம் வரும்."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா, இந்த மாதிரி என்னிடம் யாரும் கேட்டதில்லை."

"கேட்காமல் செய்தவர்கள் இருந்திருப்பார்கள்."

"அவர்களைக் கண்டுபிடித்தால் எனக்கு வழி தெரியும். கேட்கிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை." தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகவும், பதில் வரும் வரை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

"சரி" என்றார் அக்கா.

அந்த 'சரி'தான் அண்ணையைப் பைத்தியமாக்கியது. நடையில் அவரைப் பிடித்துக்கொண்டார். "கேட்டதுதான் பிழை தங்கச்சி! கேட்காட்டி ஒரு நாய்க்கும் தெரியாது. பாத்ரூமுக்குள்ள போய், ஷவரைத் திறந்துவிட்டிட்டு, ரெண்டு இழுவை இழுத்திட்டு வாங்கோ. நான் வெளியில நிண்டு பாக்கிறன்."

"எடுக்கமாட்டன் எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை."

"அவரென்ன உங்கட புருசனே?"

"புருசனுக்குச் சொல்லாம நூறு செய்திருக்கிறன். அது வேற."

தலைமை அலுவலகத்துக்கு அவசரம் இல்லை. நாட்கள் போயின. மருந்து இல்லாத மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அக்கா பேச்சை நிறுத்தினார். கோபத்தால் அல்ல, ஒரு வாக்கியத்துக்கு ஒரு மின்னல் என்று கணக்கு இருந்தது, அவ்வளவுதான். வேலை அழைப்புகளை நிறுத்தச் சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டு அறையில், கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வலது கடைவாயால் தயிரைச் சிறிது சிறிதாக விழுங்குவார். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் அசைப்பார். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் வாய் மூடியிருப்பதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அண்ணைகூட, "தம்பி, அவ ஏதாவது திட்டினாக்கூடப் பரவாயில்லை" என்றார்.

ஒரு சனிக்கிழமை சட்டனிலிருந்து தம்பி வந்தார். நல்ல கார், நல்ல சட்டை, கையில் இடியப்பமும் சொதியும். கீழே வரவேற்பறையில் நானும் இருந்தேன். அக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொல்லியிருந்தார்.

"அக்கா, நீங்கள் ஏன் இதுக்குள்ள கிடந்து கஷ்டப்படுறீங்கள்? வீட்ட வாங்கோ. அறை இருக்கு. ஆனா அந்தச் சாமான் மட்டும் வேண்டாம். சின்னவளுக்குப் பேச்சுக்கால் நடக்குது. மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து போயினம். மணத்துக்கு என்ன சொல்லுறது? நீங்களோ, ஒருத்தர் கேட்டா உடன சொல்லிப்போடுவீங்கள்."

அக்கா போனை எடுத்து ஏதோ தட்டித் தம்பியிடம் காட்டினார். தம்பி படித்துவிட்டு முகம் சிவந்து எழுந்தார். இடியப்பத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். போனை என்னிடமும் காட்டினார் அக்கா. அதில் இருந்தது: 'முதல் நீ அவைக்குச் சொல்லு. பிறகு நான் வாறன்.'

இதன் பிற்பகுதியை இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பி பின்னால் ஒருநாள் சொல்லத்தான் செய்தார். மாப்பிள்ளையின் தாய் நிம்மதியாக மூச்சு விட்டாராம். "இவ்வளவுதானே? அவவை வீட்டுக்குள்ள விடாம வைச்சிருக்கிறதைப் பார்த்து நாங்கள் வேற என்னவோ எண்டெல்லோ நினைச்சம்!" கல்யாணம் நடந்தது, அக்கா முன்வரிசையில் இருந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் தெரியாது. ஹோட்டல் முடியாது என்றால் சட்டன். சட்டன் என்றால் மருந்து இல்லை, அல்லது ஒளித்து எடுக்க வேண்டும். மருந்து இல்லாவிட்டால் பேச்சு இல்லை, பேச்சு இல்லாவிட்டால் வேலை இல்லை. அன்று லிப்டில் முதல் தடவையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, விரலால் கன்னத்தைத் தொட்டு 'வலி' என்று காட்டினார். பிறகு தலையை ஆட்டி அதைத் திருத்தி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மேனேஜர் மேலே ஏறி வந்தார். தலைமை அலுவலகம் சம்மதித்துவிட்டது. நடையின் கடைசி அறை, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கதவு இடுக்கில் துவாலை போட வேண்டும். ஒரு நிபந்தனை. மணம் என்று ஒரே ஒரு விருந்தினர் புகார் சொன்னாலும் அனுமதி அன்றோடு முடிந்தது.

அன்று மாலை மருந்து எடுத்தார். மறுநாள் காலை, தீபாவளியன்று, கையில் பலகாரத் தட்டோடு அந்த நடையில் இருந்த ஒவ்வொரு கதவையும் தட்டினார். அண்ணை பின்னாலேயே ஓடினார். "தங்கச்சி, முறுக்கைக் குடுத்திட்டு வாங்கோ, மற்றதைச் சொல்லாதேங்கோ! தெரிஞ்சாத்தானே புகார் சொல்லுவினம்!"

"தெரியாத மணத்துக்குத்தான் அண்ணை ஆக்கள் புகார் சொல்லுறது."

முதல் கதவில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. மிகவும் மரியாதையாகக் கேட்டு, முறுக்கை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திச் சங்கிலியையும் போட்டார்கள். இரண்டாவது, வேல்ஸிலிருந்து வந்த கிரேன் ஓட்டுநர். லூயிஷாமில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவர் திங்கள் முதல் வெள்ளி வரை அந்த ஹோட்டலில்தான். அந்த வாரம் வீட்டுக்குப் போகாமல் தங்கிவிட்டிருந்தார். கதவை அடைத்து நிற்கிற உடம்பு. அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே மூன்று முறுக்கைத் தின்றார்.

"மணம் உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் என் கதவைத் தட்டுங்கள். அன்றைக்கு எடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

"தொந்தரவா? நானும் வந்து உட்காரலாமா?"

"டாக்டர் சீட்டு இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் முறுக்கு மட்டும்."

அடுத்த வாரம் கந்தசஷ்டி. அண்ணையின் மனைவி ஆறு நாளும் பாலும் பழமும்தான். மாலையானால் ரயில் ஏறி ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய்விடுவார். அண்ணையும் இந்த முறை விரதம் பிடிப்பதாக எங்கள் எல்லோருக்கும் அறிவித்திருந்தார். அவர் தானாக வெளியே சொன்ன ஒரே செய்தி என்பதால் எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம்.

நான்காம் நாள் மாலை. நடையில் காலடிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். மேனேஜர் வந்துகொண்டிருந்தார், சிரிப்பில்லாமல். "இந்த நடையில் மணம் என்று புகார் வந்திருக்கிறது" என்று அக்காவின் கதவை நோக்கி நடந்தார்.

எதிர்க் கதவு படீரென்று திறந்தது. தோளில் துண்டோடு அண்ணை குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்தார். ஆங்கிலத்தில் கத்தினார்: "அது சாப்பாடு! என் சாப்பாடு! மீன்! நான்தான் மீன் பொரித்தேன்! அந்த அம்மா இல்லை!"

அந்த மனிதரை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் ஒளித்தவர், அக்காவைக் காப்பாற்றத் தன் ரகசியத்தை எடுத்து நடையில் போட்டுவிட்டார்.

மேனேஜர் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் ஒற்றை மின் அடுப்பு. சட்டியில் கருவாடு, இன்னும் சத்தத்தோடு. கூரையில் இருந்த புகை அலாரத்துக்கு, குளியலறையில் ஹோட்டல் வைக்கிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்று அழகாக மாட்டப்பட்டிருந்தது.

"உப்பு மீன்" என்றார் மேனேஜர். "என் அம்மாவும் இதைப் பொரிப்பார். ஆனால் என் அம்மா அலாரத்துக்குத் தொப்பி போட்டதில்லை."

இதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அண்ணை அவரிடம் தமிழில் பொரிந்தார். "தங்கச்சி, நீங்கள் உள்ள போங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன். ஒண்டு மட்டும், சஷ்டிக்குக் கருவாடு எண்டதை இவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கொன்றுபோடுவாள்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அக்கா கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். வேலைக்கு நிற்கிற மாதிரி.

"நான் உள்ளே போக வேண்டும், அவர் பார்த்துக்கொள்வார் என்கிறார். இது எங்களுடைய ஆறு நாள் விரதம். அவர் மீன் பொரித்ததை அவருடைய மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்கிறார். மனைவி கொன்றுவிடுவார் என்கிறார்."

மேனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சமாளித்துக்கொண்டு, அடுப்பும் சட்டியும் ரிசப்ஷனில் இருக்கும், தொப்பி இப்போதே கழற்றப்பட வேண்டும், இன்னொரு தடவை என்றால் அறை கிடையாது என்றார். பிறகு அக்காவுக்குத் தலையசைத்து, "உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள்" என்று கிளம்பினார்.

முடிந்துவிட்டது. அக்கா தப்பிவிட்டார். வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

"நில்லுங்கள்" என்றார் அக்கா. "அரை மணி நேரத்துக்கு முன்னால் நானும் மருந்து எடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது, துவாலை போட்டிருந்தேன். ஆனாலும் புகார் என் மணத்தைப் பற்றியும் இருக்கலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"ஐயோ முருகா!" என்றார் அண்ணை.

"அம்மா, தயவுசெய்து" என்றார் மேனேஜர், தணிந்த குரலில். "எழுதினால் நான் நிறுத்த வேண்டி வரும்."

"தெரியும்." கை அவரை அறியாமல் கன்னத்துக்குப் போயிருந்தது. "புகாரில் என்ன சொன்னார்கள்? சொன்ன மாதிரியே சொல்லுங்கள்."

"நடையில் மணம். அவ்வளவுதான்."

"அப்படியானால் எதுவென்று நமக்குத் தெரியாதே."

அப்போது இரண்டாவது கதவு திறந்தது. கிரேன் ஓட்டுநர், காலுறை மட்டும் போட்ட காலோடு. "புகார் சொன்னது நான்தான்" என்றார். "மீனுக்காக. மூன்று நாளாக இந்த மணம் என்னைத் தூங்கவிடாமல் பசிக்க வைக்கிறது." அக்காவை நோக்கிக் கட்டை விரலைக் காட்டினார். "அவருடையது எனக்குத் தெரியும். கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். மீனைப் பற்றி என்னிடம் யாருமே சொல்லவில்லை."

மேனேஜர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "அப்படியானால் உங்கள் மீது புகார் எதுவும் இல்லை, அம்மா."

லிப்ட் திறந்தது. திருநீறும் பிரசாதப் பையுமாக அண்ணையின் மனைவி வந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்று, மூக்கை உறிஞ்சினார். "இது என்ன மணம்?"

அண்ணை, நான், மேனேஜர், ஓட்டுநர், எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"கருவாடு" என்றார் அக்கா.

அண்ணையின் மனைவி அடுத்த மூன்று நாட்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. அண்ணை மீதி விரதத்தை முழுமையாகப் பிடித்தார். வேறு வழி இல்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு மறுபடி வேலை அழைப்புகள் தொடங்கின. எனக்குத் தெரிந்த விதம் இது. காலையில் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பலத்த காற்று, ஜன்னல்கள் அதிர்ந்தன. கதவைத் தட்டி அக்கா தலையை நீட்டினார்.

"தம்பி, போன் கோல் ஒண்டு வரப்போகுது. ஆரோ ஒருத்தரின்ர நோய் வருத்தம், மற்ற ஆக்கள் கேக்கக் கூடாது. இந்தச் சுவர் மெல்லிசு. ரீவியைக் கொஞ்சம் கூட்டி வைக்க ஏலுமே?"

"வைக்கிறேன்க்கா. வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. கதைக்க விடுது."

டிவியைக் கூட்டினேன். ஏதோ வீடு விற்கிற நிகழ்ச்சி. எதிரே, அண்ணை அறையில் தமிழ்ச் செய்தி உரக்கக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சொற்கள் புரியாத ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. ஒரு தடவை உயர்ந்து, ஒரு தடவை தாழ்ந்து, இரண்டு மொழியிலும் தடையில்லாமல். அதைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அந்தப் பேச்சில் பாதி, கிரேன் ஓட்டுநருக்கும் புரிகிற மொழி. காற்றுக்குக் கிரேன் ஓடாது. அவர் அன்று அறையில்தான் இருந்தார். சிறிது நேரத்தில் அவர் அறையிலிருந்து பழைய ரக்பி ஆட்டமொன்றின் இரைச்சல் நடை முழுவதும் அதிரக் கிளம்பியது.